வலது கைப் பக்கம் கப்பல்

எனக்கு வாய் ஜாஸ்தி. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாமல் விட்டால் எங்கள் வீட்டில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பட்டா, சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் என்று ஊருக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என் வேலை. "பேரு சரியா இருக்கான்னு இப்பவே பாத்துக்கோங்க, அப்புறம் வந்து எங்கிட்ட கத்தாதீங்க" என்று நாள் முழுக்க நான்தான் முதலில் கத்திக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குரல் இறங்காது.

அண்ணன் வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார். வீட்டில் அண்ணி, அவர்கள் மகள், நான். மகளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். அப்போது அவளுக்கு எட்டு வயது. அண்ணியின் அம்மா வீடு கீழ்பென்னாத்தூர் பக்கம், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். எங்கள் பக்கத்திலும் கடலுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இந்தக் குடும்பத்தில் பிறந்தவளுக்குக் கப்பல் பைத்தியம் எங்கிருந்து பிடித்ததோ தெரியாது. எந்த நோட்டைப் பிரித்தாலும் கடைசிப் பக்கத்தில் கப்பல்தான் இருக்கும்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, மற்றவர்களுக்குத்தான். அண்ணி நல்லவள். ஆனால் பாப்பா விஷயத்தில் நான் ஏதாவது சொன்னால், "பெத்தவளுக்குத்தான் தெரியும்" என்று ஒரு வார்த்தை வரும். கோபமாகக்கூட வராது, பருப்புக்கு உப்புப் போடுகிற மாதிரி சாதாரணமாக வரும். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தும்.

அந்த வருடம், இரண்டு போர்க்கப்பல்களும் ஒரு பாய்மரக் கப்பலும் சென்னைத் துறைமுகத்துக்கு வருகின்றன, பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம் என்று போனில் ஒரு செய்தி வந்தது. பாப்பா அதைப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் சோறு இறங்கவில்லை. "அத்த, மூணு மரம் வெச்ச கப்பலாம். மரத்து மேல ஏறி ஆளுங்க நிப்பாங்களாம்." நான் உடனே, "உன்ன இட்டுனு போறது என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "மறுநாளு பௌர்ணமி. திரும்பி வர்றப்ப மலை சுத்த வர்ற ஜனத்தால பஸ்ல கால் வெக்க எடம் இருக்காது. அதுவும் அவ்ளோ கூட்டத்துல இவள யாரு புடிக்கிறது?"

"நான் புடிக்கிறேன். எனக்கென்ன கை இல்லையா?"

"போறதுன்னா நானும் வருவேன். உன்ன மட்டும் நம்பி அனுப்ப முடியாதும்மா."

அது எனக்குச் சுருக்கென்று பட்டது. வாயை மூடிக்கொண்டேன். எப்போதாவது மூடுவேன்.

விடிந்ததும் கிளம்பினோம். கிளாம்பாக்கத்தில் இறங்கி, டவுன் பஸ், ரயில் என்று மாறி, துறைமுகத்து வாசலில் வரிசையில் நிற்கும்போது நல்ல வெயில். போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். அங்கிருந்து கப்பல் நிற்கிற இடத்துக்குத் துறைமுகத்தின் பஸ்ஸிலேயே கூட்டிப்போனார்கள். அண்ணிக்கு வயிற்றைப் புரட்டியதால் முன் சீட்டில் காற்று வரும்படி உட்கார்ந்துகொண்டாள். பாப்பா பின்னால் என் மடியில் இருந்தாள்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

எங்கள் ஊரில் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிற கூட்டத்தை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாலை முழுக்கத் தலைதான். எல்லோரும் மலையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஒரே திசையில் நடப்பார்கள். கையை விட்டு யாராவது போய்விட்டால் திரும்பி எதிர்த்திசையில் போய்த் தேட முடியாது. அதனால் எங்கள் வீடுகளில் குழந்தை நடக்க ஆரம்பித்ததுமே ஒன்று சொல்லிக் கொடுப்போம்: காணாமல் போனால் நிற்காதே, திரும்பாதே, நடந்துகொண்டே இரு. சுற்றுகிற பாதை எப்படியும் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும். நாங்கள் அங்கே நிற்போம். நானே சின்ன வயதில் ஒரு தடவை அப்படி முழு மலையையும் தனியாகச் சுற்றிக்கொண்டு அப்பாவிடம் வந்து சேர்ந்திருக்கிறேன்.

"பாப்பா, கூட்டத்துல கைய விட்டுட்டன்னா அழுதுனு நிக்காத" என்றேன். "நம்ம ஊர்ல சுத்தற மாதிரிதான். கப்பல வலது கைப் பக்கம் வெச்சிக்கினு நடந்துகினே இரு. திரும்பிடாத. சுத்தி வந்தன்னா அத்த நிப்பேன்."

"சரி அத்த" என்றாள். யோசிக்காமல் பெரியவள் சொன்னேன், யோசிக்காமல் சின்னவள் கேட்டுக்கொண்டாள்.

கப்பலை நான் முதலில் கப்பலாகவே பார்க்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நின்றது. அண்ணாந்து பார்த்தபோதுதான் அந்தச் சுவருக்கு மேலே பீரங்கி இருப்பது தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கடைசியாகத் தள்ளி நின்றது பாய்மரக் கப்பல். வெள்ளை உடம்பு, மூன்று உயரமான மரம், சுருட்டிக் கட்டிய பாய்கள், வானத்தை வலை போட்டு மூடின மாதிரி கயிறுகள். மேலே குறுக்குக் கட்டையில் நிஜமாகவே ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பாப்பா மூச்சே விடவில்லை.

என் கண் கீழே போனது. கப்பல் நிற்கிற அந்த மேடைக்கு விளிம்பில் சுவர் கிடையாது. தரை போகிறது, போகிறது, சட்டென்று முடிகிறது. கீழே கறுப்புத் தண்ணீர். கப்பலுக்கும் கல்லுக்கும் நடுவில் ஓர் ஆள் விழுகிற அளவுக்கு இடைவெளி.

"இன்னாடி இது, கைப்பிடிகூட இல்ல" என்றாள் அண்ணி. பாப்பாவின் வலது கையை அவளும் இடது கையை நானும் பிடித்துக்கொண்டோம்.

ஒரு போர்க்கப்பலையும் பாய்மரக் கப்பலையும் பார்த்து முடித்தோம். பாய்மரக் கப்பலில் பாப்பா ஒவ்வொரு கயிற்றையும் தொட்டுப் பார்த்தாள். பித்தளை மணியைப் பார்த்தாள். என் இடுப்பு உயரச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கும் பலகை வழியாக வந்து தரையில் கால் வைத்தபோது நான், "இன்னொரு கப்பல் பாக்கி இருக்கே, அதையும் பாத்துடலாம்" என்றேன்.

"வரிசையப் பாத்தியா? இப்ப கௌம்புனாதான் பஸ்ல எடம் கெடைக்கும்."

"இவ்ளோ தூரம் வந்துட்டு அர கொறையா போறதா? குழந்த ஆசப்படுது அண்ணி."

"குழந்தைக்குக் கால் வலிக்கிது. உனக்கு அது தெரியாது. பெத்தவளுக்குத்தான் தெரியும்."

சாதாரண நாளாக இருந்தால் முழுங்கியிருப்பேன். அன்றைக்கு வெயில், பசி, நாலு மணி நேரம் வரிசையில் நின்ற எரிச்சல். "பெத்துட்டாப் போதுமா அண்ணி? அது ஆசப்பட்டு என்னிக்கினா எங்கயாச்சும் இட்டுனு போயிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, கையை ஆட்டி ஆட்டிப் பேசினோம். கையை ஆட்ட வேண்டுமென்றால் பிடித்திருப்பதை விட வேண்டும். நான் விட்டேன், அண்ணி பிடித்திருக்கிறாள் என்று. அண்ணியும் விட்டாள், நான் பிடித்திருக்கிறேன் என்று.

"பாப்பா, நீயே சொல்லு" என்று அண்ணி குனிந்தாள். பாப்பா இல்லை.

முதலில் இருவருமே சிரித்த மாதிரி சுற்றிப் பார்த்தோம். இங்கேதான் எங்காவது நிற்பாள் என்று. பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டோம். பிறகு கத்தினோம். என் கத்தலுக்கு நூறு பேர் திரும்பினார்கள், அவள் மட்டும் திரும்பவில்லை.

வெள்ளை உடுப்பில் ஒரு கடற்படைப் பையன் ஓடி வந்தான். தெற்கத்திப் பேச்சு. "பதறாதீங்கம்மா. பிள்ள எம்புட்டு உயரம்? என்ன கலர் சட்ட?"

"மஞ்சள் கவுன்" என்றாள் அண்ணி.

"பச்ச. பச்சதான் போட்டிருந்தா" என்றேன் நான்.

காலையில் மாற்றிப் போட்டது யாருக்கும் நினைவில்லை. போட்டோ காட்டலாமென்றால் போன் வாசலில். அந்தப் பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், "கைய புடிச்சிக்கோன்னு பெத்தவகிட்டதான குடுத்தேன், ஏன் விட்டீங்க?" என்று அவள்மேல் பாய்ந்தேன். அவள், "நான்தான் விட்டுட்டேன், நான்தான் விட்டுட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கப்பல் பைத்தியம்னு சொல்றீங்க. கீழ ரூமுக்கு ஏதும் இறங்கியிருக்கும்" என்றான் பையன். வரிசையை நிறுத்தினார்கள். ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நாலைந்து பேர் பாய்மரக் கப்பலுக்குள் தடதடவென்று இறங்கினார்கள். இன்னும் சிலர் பஸ் நிற்கிற பக்கம், கூட்டம் போகிற பக்கம் ஓடினார்கள். அந்தப் பக்கம் போவதுதான் நியாயம். இந்தப் பக்கம் ஒரு கயிறு கட்டி, அதற்கு அப்பால் பூட்டிய கிடங்குகளும் சரக்கு ஏற்றுகிற தளமும்தான் இருந்தன.

நான் அந்தக் கயிற்றைப் பார்த்தேன். இறங்கி வருகிறவள் கப்பலை வலது கைப் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் எந்தப் பக்கம் திரும்புவாள்? அந்தக் கயிற்றுப் பக்கம்தான் திரும்புவாள்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மலையைச் சுற்றிப் பாதை இருக்கிறது. கப்பலைச் சுற்றி என்ன இருக்கிறது? தண்ணீர்தான் இருக்கிறது. அந்தக் குழந்தை திரும்பாமல் நடப்பாள், அத்தை சொன்னால் சொன்னதுதான். கப்பலின் மறுபக்கத்துக்கு வழி எங்கே என்று விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பாள்.

நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. நாள் முழுக்க ஓயாத வாய். இப்போது சொன்னால் என்ன ஆகும்? குழந்தையைத் தண்ணீர்ப் பக்கம் நடக்கச் சொன்னவள் நான் என்று ஆகும். ஊரே கேட்க அண்ணியைக் குற்றம் சொன்னேனே, அதற்குப் பிறகா? உன்னை நம்பி அனுப்ப முடியாது என்று அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும். கப்பலுக்குள்தான் இருப்பாள், இதோ இப்போது மேலே கூட்டி வருவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் படிக்கட்டில் இறங்கியவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். இரண்டாவது படிக்கட்டில் இறங்கினார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர்கள் மறுபடி வெறுங்கையோடு வந்தார்கள். பத்து நிமிடம் இருக்கும். கூடவே இருக்கலாம், கம்மி இருக்காது.

அண்ணி செருப்பை உதறிவிட்டு விளிம்புக்குப் போனாள். முட்டி போட்டுக் குனிந்து, கப்பலுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்த அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்து, "பாப்பா, அம்மா இங்க இருக்கேன்டா" என்று கூப்பிட்டாள். மெதுவாக, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரலில்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அந்தப் பக்கம்! கயித்துக்கு அந்தப் பக்கம் போயிருப்பா!" என்று கத்தினேன். "எங்க ஊர்ல மலை சுத்துவோம். வலது பக்கமா வெச்சிக்கினு நடப்போம். அந்தப் பழக்கத்துல போயிருப்பா!"

பழக்கத்தில் என்று சொன்னேன். நான் சொல்லி என்று சொல்லவில்லை.

அந்தத் தெற்கத்திப் பையன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஒரு ஜீப்பைக் கூப்பிட்டான், எங்கள் இருவரையும் ஏற்றினான். கயிற்றைத் தாண்டி, கிடங்குகளைத் தாண்டி, விளிம்பை ஒட்டியே போனோம். கப்பலைக் கயிற்றால் கட்டி நிறுத்துகிற இரும்புக் குத்துக்கட்டைகளுக்குப் பின்னாலெல்லாம் பார்த்தோம். தண்ணீரில் மிதந்த ஒவ்வொரு பையும் எனக்குக் கவுனாகத் தெரிந்தது. அண்ணி என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்திருந்தாள். அந்தக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போல எனக்கு அருவருப்பாக இருந்தது, அவள்மேல் அல்ல, என்மேல்.

தளம் ஒரு மூலையில் வளைந்து, கம்பி வேலியில் முடிந்தது. வேலிக்கு முன்னால் படகில் ஏறுவதற்காகத் தண்ணீருக்குள் இறங்குகிற கல்படிகள். இரண்டாவது படியில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். அடுத்த படியில் தண்ணீர் ஏறி ஏறி இறங்கியது. படி முழுக்கப் பச்சைப் பாசி. அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. எதிர்க்கரையில், தண்ணீருக்கு அப்பால் நின்ற பாய்மரக் கப்பலின் மூன்று மரத்தையே பார்த்துக்கொண்டு, அங்கே எப்படிப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

என் வாய் திறந்துவிட்டது. அந்தப் பையன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினான். "கூப்பிட்டா திரும்புவா. திரும்புனா வழுக்கும்" என்று காதோடு சொன்னான்.

அண்ணி வெறுங்காலோடு இறங்கினாள். ஒரு படி. நின்றாள். இன்னொரு படி. பின்னாலிருந்து இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு மேலே வந்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கவுன் நீலம். மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை.

"யாருடி உன்ன இங்க வரச் சொன்னது?" அண்ணி அவளை உலுக்கினாள். "யாரு சொன்னா? சொல்லுடி!"

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் கப்பலைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல" என்றாள் பாப்பா. "நானாத்தான் நடந்தேன்."

பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அண்ணி அவளை அதுவரை அடித்ததே இல்லை. அடித்துவிட்டு அவளே கட்டிக்கொண்டு அழுதாள். பாப்பா அழவில்லை. அந்தக் கடற்படைப் பையன் தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தான். வாசல் வரைக்கும் அவள் அதைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் மலை சுற்றப் போகிற கூட்டம் அப்போதே நிரம்பியிருந்தது. எப்படியோ மூன்று பேர் சீட்டில் ஒரே பக்கமாக இடம் கிடைத்தது. ஜன்னலோரம் அண்ணி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். நடுவில் பாப்பா. செங்கல்பட்டு தாண்டியதும் அவள் என் காதுக்குள் கேட்டாள்.

"அத்த, நான் திரும்பவே இல்ல. எங்க தப்பா நடந்தேன்?"

கன்னத்தில் இன்னும் சிவப்பு இருந்தது. அதற்கு மேல் பொத்திவைக்க என்னால் ஆகவில்லை. "நீ தப்பா நடக்கலடா" என்றேன், அண்ணிக்குக் கேட்கட்டும் என்றே. "அத்த சொன்னதுதான் தப்பு. அண்ணி, நான்தான் சொன்னேன். விட்டுப் போயிட்டா கப்பல வலது பக்கம் வெச்சிக்கினு நட, திரும்பாதன்னு நான்தான் பஸ்ல சொல்லி வெச்சேன். இவ எனக்காக அடி வாங்கிட்டா."

அண்ணி கண்ணைத் திறந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவள் பாப்பாவின் கன்னத்தைத் தடவினாள். திண்டிவனத்தில் பஸ் நின்று கிளம்பிய பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நம்ம ஊருக்காரி யாரா இருந்தாலும் அதத்தாம்மா சொல்லியிருப்பா. நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன்" என்றாள். "அப்ப உனக்கு உடனே ஞாபகம் வந்துச்சே, அது போதும். எனக்கு மூளையே ஓடல. நீ மட்டும் உடனே சொல்லலன்னா இன்னா ஆயிருக்கும்?"

பாப்பா எங்கள் நடுவில் தூங்கிவிட்டிருந்தாள்.

"ஆமா அண்ணி" என்றேன். "உடனே ஞாபகம் வந்துச்சி."